சாவி கொடுத்த பிறகு வந்தவர்கள்

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் கட்டடத்தில் ‘கசிவு’ என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் ‘கசிவு சார்’ என்பார்கள். ஐந்து மாடி, நாற்பத்திரண்டு வாடகைக்காரர்கள், பதினெட்டுக் கழிப்பறைகள், நினைத்த இடத்தில் நின்றுவிடும் லிஃப்ட் ஒன்று. இத்தனையையும் இருபத்து மூன்று வருஷமாகக் கட்டி மேய்ப்பவர் அவர். அதே கட்டடத்தின் இரண்டாவது மாடியில், பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பவள் நான். வீட்டிலும் அவர் முகம், வேலையிலும் அவர் முகம். இதற்கு மேல் ஒரு பெண்ணைத் தண்டிக்க வேண்டுமென்றால் புதிதாகச் சட்டம்தான் போட வேண்டும்.

கல்யாணப் பேச்சுக்கு முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கண்ணாடி முன்னால் செலவழித்துவிட்டு நான் கூடத்துக்கு வந்து நிற்கிறேன். மனிதர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அப்போது பதினாலு வயதாயிருந்த என் தம்பிதான் அவர் முழங்கையைத் தட்டி, “அக்கா இங்க இருக்கா” என்றான். அவர் என்னைப் பார்க்காமலே என் அப்பாவிடம் கேட்டார்.

“மேல பாத்ரூமா?”

“ஆமா. புதுசா கட்டினது” என்றார் அப்பா பெருமையாக.

“குழாய் இணைப்புல விட்டிருக்கு. இன்னும் ரெண்டு மாசம் தாங்கும்.”

சரியாக இரண்டாவது மாசம் கூடத்துப் பூச்சு பெயர்ந்து அப்பாவின் நாற்காலியில் விழுந்தது. அதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டதால் மாப்பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று.

இவ்வளவு தெரிந்தவர் இன்ஜினியரா என்றால், இல்லை. டிப்ளமாவில் ஒரு பேப்பர் பாக்கி. ‘கட்டுமானப் பொருள்கள்’ என்ற பேப்பர். மூன்று முறை எழுதினார், மூன்று முறையும் கோட்டை விட்டார். கேள்வி தப்பு என்று இன்று வரைக்கும் சாதிக்கிறார். அதனால் அவர் உத்தியோகப் பெயர் பராமரிப்பு மேற்பார்வையாளர் என்பதோடு நின்றுவிட்டது. இன்ஜினியர்கள் பளபளக்கிற காலணியோடு வந்து ஒரு மணி நேரம் பேசுவார்கள். இவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் டார்ச்சை எடுத்து ஒரு மூலையில் அடிப்பார். அங்கே பச்சையாக ஒரு கறை இருக்கும். இன்ஜினியர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

மழை வந்தால் ஊரில் உள்ளவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள். இவர் மொட்டை மாடிக்கு ஓடுவார். திரும்பி வரும்போது முகத்தில் அப்படி ஒரு களை இருக்கும். எங்கள் கல்யாணப் படத்தில்கூட அந்தக் களை கிடையாது, நான் ஆல்பத்தை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பாராட்டு என்ற சமாசாரம் அவருக்குத் தெரியாது. சமையல் நன்றாக இருந்தால் ‘பரவால்ல’ என்பார். ரொம்ப நன்றாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

இந்த மனிதரிடம்தான் முதலாளியம்மா அவ்வளவு பெரிய முடிவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

முதலாளியம்மாவுக்கு எழுபத்தொரு வயது. கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் அவர் அறை. எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்தில் அவருடைய பழைய கிடங்கு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதை இடித்துவிட்டு, வண்டி நிறுத்தத் தரைக்குக் கீழே இரண்டு அடித்தளம், நான்கு மாடிக்குக் கடைகள், மேலே ஆறு மாடிக்கு அலுவலகங்கள் என்று ஒரு வணிக வளாகம் எழுப்ப நினைத்தார். நிலம் அவருடையது. கட்டுபவர் கூட்டாளி. கட்டி முடித்த பிறகு மூன்று மாடிகளைப் பதினைந்து வருஷத்துக்குக் கூட்டாளி வாடகைக்கு விட்டுக்கொள்ளலாம். ஆகவே கட்டிவிட்டு நழுவுகிற ஆள் உதவாது. பதினைந்து வருஷம் முகத்தில் விழிக்கத் தைரியம் உள்ள ஆள் வேண்டும்.

மூன்று பேர் போட்டியில் நின்றார்கள். முதலாவது ஒரு பெரிய கம்பெனி. அவர்கள் கூட்டத்துக்கு வந்தால் எல்லோர் மடியிலும் பெயர் பொறித்த வெள்ளை ஹெல்மெட் இருக்கும், குளிர்சாதன அறையில்கூட. அதனால் நாங்கள் அதை ஹெல்மெட் கம்பெனி என்றே சொன்னோம். இரண்டாவது, டயர்க் கடைக்கு மேலே ஒற்றை அறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு கட்டட ஒப்பந்தக்காரர். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுவார். அவருக்குச் சிடுசிடு என்று பெயர் வைத்தது முதலாளியம்மாதான். மூன்றாவது, என் தம்பி.

யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆலோசகர் ஒருவர் நூற்று நாற்பது பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தார். முதலாளியம்மா அதை என் வீட்டுக்காரர் முன்னால் தள்ளினாராம்.

“நூத்தி நாப்பது பக்கம் எழுதிட்டு, கடைசில மூணு பேருமே தகுதியானவங்கன்னு முடிச்சிருக்கான். இதச் சொல்ல இவன் எதுக்கு? நீ போய் பாத்துட்டு வா. நீ சொல்ற ஆளோடதான் நான் சேருவேன்.”

“நானாம்மா?”

“நீதான். இருவத்து மூணு வருஷத்துல இந்தக் கட்டடத்தப் பத்தி ஒரு நல்ல வார்த்தை நீ எங்கிட்ட சொன்னதில்ல. உன்ன நம்பலாம்.”

“அதுல ஒருத்தர் என் மச்சினன்மா.”

“தெரியும். கேக்காமயே சொன்ன பாரு, அதுக்குத்தான் உன்ன அனுப்பறேன்.”

இதை அவர் வீட்டில் வந்து சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கட்டடம் என் தம்பிக்குக் கிடைக்க வேண்டும். இதைப் பூசி மெழுக நான் விரும்பவில்லை. அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனுக்குச் சோறு ஊட்டியதிலிருந்து பள்ளியில் கையெழுத்துப் போட்டது வரைக்கும் நான்தான். வளர்ந்து, கட்டடத் தொழிலுக்கு வந்து, ஏழு மாடியில் ஒரு கடை வளாகம்கூடக் கட்டிவிட்டான். ஆனால் இரண்டு வருஷமாகப் பெரிய வேலை ஒன்றும் அமையவில்லை. நாற்பது ஆட்கள் பதினொன்றாகிவிட்டார்கள். இதுவும் கைநழுவினால் தொழிலை மூடிவிட்டு அந்த ஹெல்மெட் கம்பெனியிலேயே சம்பளத்துக்குப் போக வேண்டியதுதான். என் தம்பி இன்னொருத்தன் பெயர் போட்ட ஹெல்மெட்டோடு வெயிலில் நிற்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிந்தது.

தம்பியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவன் ஆட்கள் அவனுக்கு ‘இதோ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போது கூப்பிட்டாலும் “இதோ வந்துட்டேன்” என்பான். வந்துட்டேன் என்று சொல்லும்போது ஐயா குளித்துக்கொண்டிருப்பார். தண்ணீர் சத்தம் போனில் கேட்கும்.

என் வீட்டுக்காரர் எப்படிப் பார்க்கப்போகிறார் என்பதை அன்று சாப்பிடும்போது சொன்னார். அவராகச் சொல்லவில்லை, நான்தான் வாயைப் பிடுங்கினேன்.

“ஒவ்வொருத்தரும் கட்டி முடிச்ச கட்டடத்துக்குப் போவேன். வாசல்ல காவலாளிகிட்ட நோட்டு இருக்கும் இல்லியா, வரவங்க போறவங்க எழுதறது. அதப் பாப்பேன்.”

“நோட்டுல என்ன இருக்கு?”

“சாவி குடுத்த தேதிக்கு அப்புறம் கட்டினவன் பேரு எத்தன தடவ இருக்குன்னு பாப்பேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். கட்டற வரைக்கும் எல்லாரும் வருவாங்க. வந்துதான் ஆகணும். கைல சாவியக் குடுத்தப்புறம் எவன் வரான்னு பாக்கணும். இத யார்கிட்டயும் சொல்லாத.”

நான் தலையை ஆட்டினேன். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். மனிதருக்குச் சந்தேகமே வரவில்லை.

முதல் சனிக்கிழமை ஹெல்மெட் கம்பெனி கட்டிய கட்டடத்துக்குப் போனார். முகப்பு முழுக்கக் கண்ணாடி, கூடத்தின் நடுவே செயற்கை நீரூற்று. தண்ணீரை இப்படிப் பகிரங்கமாக ஒழுகவிட்டால் வேறெங்கே ஒழுகுகிறது என்று யாரும் தேட மாட்டார்கள் என்றார். சாவி கொடுத்து நாலு வருஷம். நோட்டில் கம்பெனிக்காரர்கள் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. அவர்கள் வக்கீல் மட்டும் இரண்டு முறை வந்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சிடுசிடுவின் கட்டடம். அங்கே நோட்டில் ‘வந்த நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வருகிறவர் சொல்வதை எழுதாமல், காவலாளி தான் கண்டதை எழுதுகிற பழக்கம் உள்ளவர். சிடுசிடுவின் பெயருக்கு நேரே மாசா மாசம் இப்படி இருந்தது: கசிவு. சண்டை. கசிவு. சண்டை. லிஃப்ட். சண்டை. ஆறு வருஷமாக அந்த மனிதர் வந்து வாடகைக்காரர்களோடு சண்டை போட்டுவிட்டு, போட்ட பிறகு பழுது பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு மாசம்கூட விடவில்லை. இதைச் சொல்லும்போது என் வீட்டுக்காரர் முகத்தில் அந்த மழைக் களை வந்துவிட்டது.

தம்பியின் கட்டடத்துக்கு எப்போது போகப்போகிறீர்கள் என்று கேட்டேன். வருகிற சனிக்கிழமை வாடகைக்காரர் ஒருவரோடு வேலை இருக்கிறது, அதற்கடுத்த சனிக்கிழமை போவேன் என்றார். அவர் கைகழுவப் போனதும் நான் பின்கட்டுக்குப் போய் தம்பிக்குப் போன் போட்டேன்.

“டேய், நீ கட்டின கடை வளாகத்துக்குக் கடைசியா எப்படா போன?”

“எந்த வளாகம்?”

“ஏழு மாடிடா, வேற எத கட்டியிருக்க! அங்க வாசல்ல நோட்டு இருக்கு. திங்கக்கிழமைலேர்ந்து தினம் போயி பேரெழுதிக் கையெழுத்துப் போடு. மாமா அதத்தான் பாக்கப் போறாரு.”

“கையெழுத்து மட்டும் போதுமாக்கா?”

“போதும்.”

“இதோ போயிட்டேன்” என்றான். தண்ணீர் சத்தம் கேட்டது.

சாவி கொடுத்த இந்த மூன்று வருஷத்தில் அவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் போன் போட்டேன்.

அவன் திட்டம் எளிமையானது. போக வேண்டியது, கையெழுத்துப் போட வேண்டியது, காவலாளியைப் பார்த்து ஒரு சிரிப்பு, வண்டியைக் கிளப்ப வேண்டியது. முதல் நாள் அப்படியே போய்க் கையெழுத்துப் போட்டான். காவலாளி பெயரைப் படித்தார். முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை பெயரைப் படித்தார். பிறகு வாசல் கேட்டை இழுத்துச் சாத்தி, சங்கிலி போட்டுவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி விசில் ஊதினார்.

கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரர் ஓடிவந்தார். மூன்றாவது மாடியிலிருந்து உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர் இறங்கி வந்தார். ஜெராக்ஸ் கடை அம்மா கடையைப் பூட்டாமலே வந்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் என் தம்பியின் தோளில் மெதுவாகக் கைபோட்டு, “வாங்க, வாங்க, மூணு வருஷமா உங்களத்தான் தேடிட்டிருக்கோம்” என்று கூட்டிக்கொண்டு போனார். உடற்பயிற்சிக் கூடக்காரர் பின்னால் நடந்தார். அவர் கை என் தம்பியின் தொடையளவு இருக்குமாம்.

மதியம் எனக்குப் போன் வந்தது. நான் அப்போது கடைவாய்ப் பல் பிடுங்க வந்த ஒருவருக்கு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.

“அக்கா, என்ன அடித்தளத்துல இறக்கி விட்டுட்டாங்கக்கா. முழங்கால் வரைக்கும் தண்ணி. மோட்டார் ஓடல. சரி பண்ணாம வெளிய விட மாட்டாங்களாம்.”

“சரி பண்ணிக் குடுத்துட்டு வாடா.”

“நான் கையெழுத்துப் போட வந்தவன்க்கா!”

மறுநாள் போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தான். ஆனால் தினம் கையெழுத்துப் போடு என்று நான் சொல்லியிருந்தேனே. இரண்டாவது நாள் லிஃப்ட் கதவு. மூன்றாவது நாள் ஜெராக்ஸ் கடைச் சுவர். அவன் ஆட்கள் பதினொரு பேரும் வந்து சேர்ந்துவிட்டார்கள். பன்னிரண்டு நாளில் ஏழு வேலை முடிந்திருந்தது. கடைசி நாட்களில் அவன் குரலில் ஒரு மாறுதல் இருந்தது. “அந்த ஜெராக்ஸ் அம்மா டீ குடுத்தாங்கக்கா” என்றான், பரிசு வாங்கின பிள்ளை மாதிரி. நான் அதைக் கவனிக்கவில்லை. என் கவனம் முழுக்கச் சனிக்கிழமை மேல் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் சாயங்காலம் திரும்பி வந்தார். கைகால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். திரையில் ஒரு நோட்டுப் பக்கத்தின் படம்.

தம்பியின் கையெழுத்து வரிசையாகப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்கு முன்னால் மூன்று வருஷம் வெறும் காற்று. நாள் முழுக்க நோயாளிகளுக்குத் தேதி எழுதிக் கொடுக்கிற எனக்கு, இது பார்க்கிறவர் கண்ணுக்கு எப்படிப் படும் என்று உறைக்கவே இல்லை பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவர் பல்லைப் பேணுகிறவர். பன்னிரண்டு நாள் விடாமல் வருகிறவர் வாயில் ஏதோ பெரிய ஊழல் நடந்திருக்கிறது.

“இதுல என்ன இருக்கு? வந்திருக்கான் இல்ல?” என்றேன், குரலை ஏற்றி.

“நோக்கம்னு போட்டிருக்கற கட்டத்தப் பாரு.”

படத்தைப் பெரிதாக்கினேன். முதல் நாள் வரிசை. காவலாளி நோக்கம் என்ன என்று கேட்டிருக்கிறார். என் தம்பிக்கு அந்த நேரத்தில் வாயில் ஒன்றும் வரவில்லை போலிருக்கிறது. உள்ளது உள்ளபடி எழுதிவிட்டான். அழகான, உருட்டின எழுத்து. அதைக் கற்றுக்கொடுத்தவளும் நான்தான்.

‘அக்கா சொன்னதால்.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சிரித்துக்கொண்டே நிமிர்ந்தால் அவர் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. கூட்டத்தில் தொலைந்துபோனவர் முகம் மாதிரி இருந்தது. என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“நீங்க யாரோ என் தம்பி யாரோவா? எனக்கு ரெண்டு பேரும் வேணும். நான் வேற என்ன பண்ணுவேன்?” என்று கத்தினேன்.

“எங்கிட்ட கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்” என்றார். “ஆனா கேட்டிருக்கலாம். அந்தம்மா கட்டடத்த நம்பல, அறிக்கைய நம்பல, என்ன நம்பினாங்க. நான் உன்ன நம்பினேன். ஊர்ல எல்லாக் கூரையையும் அண்ணாந்து பாத்துட்டு, நம்ம வீட்ல பாக்காம விட்டுட்டேன்.”

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் அவர் தட்டில் மீதி வைத்து நான் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. இதற்கு வேறு வார்த்தை தேட மாட்டேன், வெட்கம்தான். அவமானம் கோபமாக மாறுகிறதா என்று பார்த்தேன், என் வழக்கம் அதுதான். அன்றைக்கு மாறவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் ஐந்தாவது மாடிக்குப் போய் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார். பதினோரு மணிக்கு எனக்கு ஆள் வந்தது. ஒரு நோயாளிக்கு அப்போதுதான் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி அங்கியைக்கூடக் கழற்றாமல் மாடியேறினேன். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தது.

நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே படிக்கட்டில் என் தம்பி புதுச் சட்டையோடு நின்றிருந்தான். அவனையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

முதலாளியம்மா மேஜையில் இரண்டு கோப்புகள் மட்டும் இருந்தன. என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.

“ஹெல்மெட்டத் தூக்கிப் போட்டாச்சு. மீதி ரெண்டு பேரு” என்றார் முதலாளியம்மா. “சிடுசிடு என் பிளானப் பாத்துட்டு, வண்டி இறங்கற சரிவு முட்டாள்தனமா இருக்குன்னான். உன் தம்பி அதே பிளானப் பாத்து அற்புதம்னான். எனக்கு உன் தம்பியப் பிடிச்சிருக்கு. உன் வீட்டுக்காரர் சிடுசிடுவச் சொல்றாரு. ஆனா தம்பி பன்னெண்டு நாள்ல பண்ணின வேலை ஏழும் சுத்தம்னும் சொல்றாரு. அந்த நோட்ட வெச்சு அவன வேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல. அந்தத் தப்பு உன்னுது, அவனுது இல்ல.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அதனால உன்னையே கேக்கறேன். நாப்பது வருஷமா அவன உனக்குத் தெரியும். சாவி குடுத்தப்புறம் வருவானா?”

‘வருவான்.’ நாலே எழுத்து. அதைச் சொல்லிவிட்டு இறங்கிப் போயிருந்தால் என் தம்பி அன்றைக்கே பெரிய மனிதன். என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அறையின் கூரையில் ஒரு விரிசல்கூட இல்லை, இருந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் அவர் மறுக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

“கட்டும்போது அவன மாதிரி ஆள் கிடைக்காதும்மா. சிமெண்டுல, கம்பில கைவைக்க மாட்டான். ஆளுங்கள ஏமாத்த மாட்டான்.”

“நான் அதக் கேக்கல.”

“நான் சொன்னா வருவான்.”

“நீ சொல்லலன்னா?”



“வர மாட்டான்மா.”

முதலாளியம்மா இரண்டில் ஒரு கோப்பை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார். “சரி, போ. கீழ யாரோ வாயத் திறந்து வெச்சிட்டுக் காத்திருப்பாங்க” என்றார். குரலில் கோபம் இல்லை.

தம்பி இரண்டு படி ஏறி வந்தான். “என்னக்கா, என்ன கேட்டாங்க?”

“சாவி குடுத்தப்புறம் நீ வருவியான்னு கேட்டாங்க.”

“வருவான்னு சொல்ல வேண்டியதுதானே!”

“வர மாட்டான்னு சொன்னேன்.”

அவன் சிரித்தான், நான் விளையாடுகிறேன் என்று நினைத்து. பிறகு என் முகத்தைப் பார்த்தான். அவன் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. நீயெல்லாம் ஒரு அக்காவா என்றான். மாமாவுக்குப் பயந்துகொண்டு என்னை விற்றுவிட்டாய் என்றான். கைப்பிடிச் சுவரில் ஓர் அடி அடித்துவிட்டு, தடதடவென்று இறங்கினான். ஒரு மாடி இறங்கியிருப்பான். காலடிச் சத்தம் நின்றது. மெதுவாகத் திரும்பி ஏறி வந்தான்.

“நெசந்தான். வர மாட்டேன்தான்” என்றான். மூச்சு வாங்கியது. “ஆனா இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு தடவ சொல்லியிருக்கியா நீ? எல்லார்கிட்டயும் எந்தம்பி தங்கம், எந்தம்பி தங்கம்னே சொன்ன. நானும் நம்பிட்டேன். அந்த மருந்துக் கடைக்காரரு தண்ணில நிக்க வெச்சுத் திட்டினப்பதான்க்கா எனக்கே தெரிஞ்சுது. அவரு வெளியாளு. அந்தம்மாவும் வெளியாளு. அந்தம்மாகிட்ட ஒரு நிமிஷத்துல சொல்லிட்ட. எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

அந்த மருந்துக் கடைக்காரர் மூன்று வருஷமாக எங்கள் வீட்டு எண்ணுக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் போனை எடுத்து, தம்பி வெளியூரில் இருக்கிறான் என்று சொன்னவள் நான். அவனிடம் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பிள்ளை வருத்தப்படுவானே என்று. நாற்பது வயதுப் பிள்ளை.

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவனும் ஒரு படி கீழே உட்கார்ந்தான். மருந்துக் கடைக்காரர் கூப்பிட்டதையும் நான் பொய் சொன்னதையும் சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. பெரியப்பா மகன் வீட்டு மாடிப்படி ஒன்று உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் இருப்பதைச் சொன்னேன். அவன் ஆட்களில் ஒருத்தர் கால் முறிந்து கிடந்தபோது, இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு இவன் போய்ப் பார்க்காததைச் சொன்னேன். அதற்கு அவனுக்குக் கோபம் வந்தது, அது அப்படி இல்லை என்று எகிறினான். நான் விடாமல் அடுத்ததைச் சொன்னேன். இரண்டாவது மாடியிலிருந்து யாரோ என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நான் போகவில்லை.

தம்பி என் அங்கிப் பையில் குத்தியிருந்த பேனாவை உருவினான். நோயாளிகளுக்குத் தேதி எழுதிக் கொடுக்கிற சீட்டு ஒன்றையும் எடுத்து, முழங்கால்மேல் வைத்துத் திருப்பிக்கொண்டான்.

“கொஞ்சம் மெதுவா சொல்லு” என்றான் தலையை நிமிர்த்தாமல். “நாலாவது என்ன?”

நாலாவதைத் திரும்பச் சொன்னேன்.